சொந்தப் பணத்தை எடுத்துச் செல்ல அபராதமா?

பஞ்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் 2025 அக்டோபரில் நம் கட்சி அலுவலகத்துக்கு வந்தார். கையில் இரண்டு தாள்கள். கனடா நாட்டில் டொரண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கும் அவருடைய மகள் கைப்பேசியில் நீளமாக எழுதி அனுப்பிய செய்தியை அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். "இதைக் கொஞ்சம் படியுங்க தோழர். நம்ம பணத்தை நாமே எடுத்து வேற பாங்கில் போட்டா தண்டம் கட்டணுமாம். இப்படியும் ஒரு சட்டம் உண்டா?" என்று கேட்டார்.

படித்தோம். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் படித்தோம். உண்டு. இப்படியும் ஒரு சட்டம் உண்டு!

கனடாவில் இருக்கும் ஒரு பெண்ணின் பாங்குக் கணக்குக்கும் நம் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். ஈழத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் போன நம்மவர்கள் லட்சக்கணக்கில் அந்த நாட்டில் உழைத்துப் பிழைக்கிறார்கள். டொரண்டோவைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும், உணவுச்சாலைகளிலும், முதியோர் இல்லங்களிலும் வியர்வை சிந்துகிறவர்களில் கணிசமானோர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு டாலரையும் எதிர்பார்த்து இங்கே ஒரு தாயோ, தம்பியோ காத்திருக்கிறார்கள். அது ஒரு காரணம். மற்றொன்று, உழைப்பாளியின் சிறு சேமிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பெரும் பாங்குகள் எப்படிப் பிழைக்கின்றன என்பதை இந்த விவகாரம் வெட்ட வெளிச்சமாக்குகிறது.

அந்தப் பெண்ணின் கணக்கு

அவர் 2024ல் கணவரோடு கனடா போனவர். ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, உடை மாற்றி, உணவூட்டும் வேலை. "விடியும்போது இடுப்பு இருக்கிற இடமே தெரியாதப்பா" என்று தகப்பனாருக்கு எழுதியிருக்கிறார். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி இரண்டு வருஷத்துக்குள் 12,000 டாலர் சேர்த்தார். ஊரிலிருக்கும் தாயாருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். அதற்கான பணம் இது.

அந்த நாட்டில் எல்லோரும் செய்வதுபோல, பெரிய பாங்கு ஒன்றில் வரியில்லாச் சேமிப்புக் கணக்குத் திறந்து பணத்தைப் போட்டார். பாங்கு கொடுத்த வட்டி அரைச் சதவிகிதம். 12,000 டாலருக்கு வருஷத்துக்கு 60 டாலர்! 2025 செப்டம்பரில், வேறொரு சிறிய நிறுவனம் இதே மாதிரிக் கணக்குக்கு இரண்டரைச் சதவிகிதம் தருகிறது என்று கூட வேலை செய்யும் பெண் சொன்னார். அங்கே போட்டால் வருஷத்துக்கு 300 டாலர். வித்தியாசம் 240 டாலர். அதாவது மாதத்துக்கு 20 டாலர். பணக்காரனுக்கு இது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. இந்தப் பெண்ணுக்கோ தாயாரின் ஒரு மாத மருந்துச் செலவு.

உடனே பாங்குக்குப் போனார். கணக்கை அங்கே மாற்ற வேண்டும் என்றார். குமாஸ்தா சொன்ன பதில் இது: "நீங்கள் புது இடத்தில் ஒரு பாரம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டும். அது எங்களுக்கு வரும். மாற்றுக் கட்டணமாக நாங்கள் நூறு டாலர் பிடித்துக்கொள்வோம். மூன்று, நான்கு வாரம் ஆகும். கூடவும் ஆகலாம்."

"அப்படியானால் பணத்தைக் கையில் கொடுங்கள், நானே கொண்டுபோய்ப் போட்டுக்கொள்கிறேன்" என்றார் இவர். "உங்கள் விருப்பம்" என்றார் குமாஸ்தா. பணத்தை எடுக்க இருந்த நேரத்தில், அதே தோழி ஓடிவந்து தடுத்தார். "எடுத்து விடாதே, அபராதம் வரும்" என்றார். குமாஸ்தாவைக் குறை கூற வேண்டாம். அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். ஆனால் அபராதம் வரும் என்ற எச்சரிக்கை பாங்கிலிருந்து வரவில்லை, இன்னொரு தொழிலாளியிடமிருந்து வந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வரியில்லாச் சேமிப்பு என்பது என்ன?

2008 பிப்ரவரியில் அன்றைய கனடிய நிதி மந்திரி ஜிம் பிளாஹெர்ட்டி தம் பட்ஜெட்டில் இந்தத் திட்டத்தை அறிவித்தார். 2009 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. 18 வயது நிரம்பிய எவரும் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை இந்தக் கணக்கில் போடலாம். அதில் கிடைக்கும் வட்டிக்கும் லாபத்துக்கும் வருமான வரி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இதுதான் திட்டம். உச்சவரம்பு பின்னர் படிப்படியாக மாறியது. 2015ல் ஹார்ப்பர் சர்க்கார் ஒரேயடியாக 10,000 டாலராக உயர்த்தியது. அடுத்து வந்த ட்ரூடோ சர்க்கார் 2016ல் அதை 5,500 ஆகக் குறைத்தது. 2024, 2025, 2026 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் 7,000 டாலர்.

ஒரு ஆண்டில் போடாமல் விட்ட அளவு அடுத்த ஆண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே போகும். 2009லிருந்து அங்கே வசிக்கும் வயது வந்த ஒருவருக்கு 2026ல் மொத்த வரம்பு 1,09,000 டாலர். புதிதாகக் குடியேறியவர்களுக்கு அப்படியில்லை. நாட்டுக்கு வந்து சேர்ந்த ஆண்டிலிருந்துதான் அவர்களுக்குக் கணக்கு ஆரம்பம். நம் பெண்ணுக்கு 2024ல் 7,000, 2025ல் 7,000. ஆக 14,000 டாலர்தான் வரம்பு.

இந்தத் திட்டமே மோசடி என்று நாம் சொல்லவில்லை. லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கக் கூடியவன் யார், ஆயிரம் டாலருக்கே திண்டாடுகிறவன் யார் என்பதைப் பார்த்தால், வரிச் சலுகையில் பெரும் பகுதி எவன் வீட்டுக்குப் போகிறது என்பது விளங்கும். ஆனாலும் ஏழை முதியோருக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. வருமானம் குறைந்த முதியோருக்குக் கனடா அரசு தரும் கூடுதல் உதவித் தொகை, மற்ற வருமானம் ஏறினால் குறைந்துவிடும். இந்தக் கணக்கிலிருந்து எடுக்கும் பணம் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆகவே அந்த உதவி குறையாது. பிரச்சினை கணக்கில் இல்லை. கணக்கை ஒரு பாங்கிலிருந்து இன்னொரு பாங்குக்கு மாற்றும் வழியில் இருக்கிறது.

இரண்டு வழிகள், இரண்டிலும் முள்

முதல் வழி, பாரத்தின் வழி. புது நிறுவனம் பழைய பாங்குக்குப் பாரத்தை அனுப்ப, பழைய பாங்கு பணத்தை நேரே புது நிறுவனத்துக்கு அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் பணம் கணக்கை விட்டு வெளியே வரவில்லை. வரம்புக்குப் பாதகமில்லை. ஆனால் பணம் போகும் வேகத்தைப் பாருங்கள்! அந்த நாட்டில் ஒருவர் இன்னொருவருக்கு மின்னஞ்சல் வழியாகப் பணம் அனுப்பினால் சில நிமிஷங்களில் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் கணக்கை மாற்றும்போது மட்டும் தொலைநகல், தபால், காசோலை என்று சில நிறுவனங்கள் பழங்காலத்துக்குப் போய்விடுகின்றன. வழியில் கிடக்கும் நாட்களுக்கு வட்டி கிடைக்காமலும் போகும்.

பெயர்க் குழப்பம் வேறு. நம்மவர்களுக்குத் தகப்பன் பெயரும் தன் பெயரும் உண்டே தவிரக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பாங்கில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று பதிவாகியிருக்கும். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்று பாரம் திரும்பி வரும். மறுபடி பாரம், மறுபடி காத்திருப்பு. பணத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கென்று வைப்பாகப் போட்டிருந்தாலோ, அந்தக் காலம் முடியும் வரை பெரும்பாலும் அசைக்கவே முடியாது.

இரண்டாவது வழி, கையில் எடுத்துக்கொண்டு போவது. இங்கேதான் பொறி இருக்கிறது. எடுத்த பணத்தின் அளவுக்கு வரம்பில் மீண்டும் இடம் கிடைக்கும். ஆனால் அடுத்த ஜனவரி முதல் நாள்தான் கிடைக்கும். அதே ஆண்டில் திரும்பப் போட்டால், அதைப் புதிதாகப் போட்ட பணமாகச் சட்டம் கருதும். வரம்பில் மிச்சம் இடம் இருந்தால் தப்பித்தார். இல்லாவிட்டால், மிகுதியான தொகைக்கு மாதம் 1 சதவிகிதம் அபராத வரி.

நம் பெண்ணுக்கு வரம்பு 14,000. போட்டது 12,000. மிச்சம் 2,000. செப்டம்பரில் 12,000ஐ எடுத்து அதே மாதம் புது இடத்தில் போட்டிருந்தால், வரம்புக்கு மேல் 10,000. மாதம் 100 டாலர் அபராதம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நாலு மாதத்துக்கு 400 டாலர். மாதம் 20 டாலர் அதிக வட்டி தேடிப் போனவருக்கு மாதம் 100 டாலர் தண்டம்! ஒரு காசு புதிதாகச் சேர்க்கவில்லை. ஒருவரை ஏமாற்றவில்லை. ஒரு பாங்கின் வாசலிலிருந்து இன்னொரு பாங்கின் வாசலுக்கு நடந்தார், அவ்வளவுதான்.

2010ல் வந்த கடிதங்கள்

இது ஏதோ ஒரு பெண்ணுக்கு நேர இருந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். திட்டம் அமலான முதல் ஆண்டான 2009ல் எல்லோருக்கும் வரம்பு 5,000 டாலர்தான். நாட்டின் மத்திய பாங்கு அப்போது தன் வட்டி விகிதத்தைக் கால் சதவிகிதத்துக்கு இறக்கியிருந்தது. எங்கே கொஞ்சம் கூடுதலாகத் தருவார்கள் என்று சேமிப்பாளர்கள் அலைந்த காலம். பலர் ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் போட்டார்கள். அவசரத்துக்கு எடுத்துவிட்டு, கையில் காசு வந்ததும் திரும்பப் போட்டவர்களும் உண்டு. "எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், போடலாம்" என்றுதானே விளம்பரம் செய்தார்கள்!

2010ல் வரி இலாகாவிடமிருந்து ஏறத்தாழ 70,000 பேருக்குக் கடிதம் போயிற்று. வரம்பை மீறிவிட்டீர்கள், அபராதம் கட்டுங்கள் என்று. 5,000 டாலரை மே மாதத்தில் எடுத்து அதே மாதம் வேறிடத்தில் போட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 50 டாலர் வீதம் டிசம்பர் வரை எட்டு மாதத்துக்கு 400 டாலர் அபராதம். அந்தப் பணத்துக்கு 2 சதவிகித வட்டி கிடைத்திருந்தாலும் முழு ஆண்டுக்கு 100 டாலர்தான். வட்டியைப் போல நாலு மடங்கு தண்டம்!

நாடு முழுவதும் கூச்சல் எழுந்தது. உண்மையாகவே விதியைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களின் அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வரி இலாகா இசைந்தது. ஆனால் விதி அப்படியே நின்றது. இன்றும் நிற்கிறது. அந்த ஆண்டு மன்னித்தார்கள். ஒவ்வொரு ஆண்டும் மன்னிப்பார்கள் என்று யார் சொன்னது?

இதே திட்டத்தில் வேறொரு கூட்டமும் இருந்தது. மாதம் 1 சதவிகிதம் தண்டம் கட்டினாலும் அதைவிட அதிகமாக லாபம் அள்ளலாம் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றே வரம்புக்கு மேல் பணத்தைக் கொட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு அபராதம் ஒரு வியாபாரச் செலவு! 2009 அக்டோபரில் இதற்காகவே சர்க்கார் தனி விதி அறிவிக்க வேண்டி வந்தது. அப்படி வேண்டுமென்றே போட்ட பணத்தில் வரும் லாபத்துக்கு 100 சதவிகித வரி என்றது. நல்லது. ஆனால் பாருங்கள்: சட்டம் தெரிந்து விளையாடியவனும், சட்டம் தெரியாமல் இடறி விழுந்தவளும் ஒரே 1 சதவிகித விதிக்குள் வைக்கப்பட்டார்கள். ஒருவனுக்கு அது விளையாட்டுச் சீட்டு. மற்றவளுக்கு அது கழுத்துச் சுருக்கு.

நூறு டாலர் யாருக்குப் பாரம்?

அபராதத்துக்குப் பயந்து பாரத்தின் வழியே போனால் மாற்றுக் கட்டணம். கனடாவில் இது வழக்கமாக 50 முதல் 150 டாலர் வரை. சில இடங்களில் அதற்கு மேலும் உண்டு. வெளியே போகிறவரிடம் வாசலில் நின்று வாங்கும் சுங்கம் இது. கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று சுங்கக்காரன் பார்ப்பதில்லை.

கட்டணம் 100 டாலர், வட்டி வித்தியாசம் 2 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்போம். 1,00,000 டாலர் வைத்திருப்பவருக்கு மாற்றுவதால் ஆண்டுக்கு 2,000 டாலர் லாபம். நூறு டாலர் அவருக்குத் தூசு. மூன்று வாரத்தில் மீண்டுவிடும். பெரிய தொகை என்றால் புது நிறுவனமே அந்தக் கட்டணத்தைத் தான் கொடுத்துவிடுகிறேன் என்று வரவேற்பதும் உண்டு. 12,000 டாலர் வைத்திருக்கும் நம் பெண்ணுக்கு லாபம் 240. அதில் ஐந்து மாத லாபம் கட்டணத்துக்குப் போய்விடும். 3,000 டாலர் வைத்திருக்கும் கிடங்குத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு லாபம் 60. ஒரு வருஷமும் எட்டு மாதமும் ஆனால்தான் கட்டணமே தேறும். அவர் என்ன செய்வார்? பேசாமல் பழைய பாங்கிலேயே இருந்துவிடுவார். பாங்குக்கு வேண்டியதும் அதுதான்!

எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்றால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அது மெலிந்தவன் முதுகில்தான் ஏறி உட்காருகிறது.

யாருக்கு லாபம்?

பாங்கு உங்கள் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கடனாகக் கொடுத்து வட்டி வாங்குகிறது. உங்களுக்குத் தரும் வட்டிக்கும் கடனாளியிடம் வாங்கும் வட்டிக்கும் இடையிலுள்ள வித்தியாசமே அதன் பிழைப்பு. கனடாவின் மத்திய பாங்கு 2022 மார்ச்சில் வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் கால் சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதத்துக்குக் கொண்டு போயிற்று. அதோடு சேர்ந்து பெரும் பாங்குகள் தம் அடிப்படைக் கடன் வட்டியை 7.20 சதவிகிதத்துக்கு உயர்த்தின. வீட்டுக் கடன் வாங்கியவன் மறுமாதமே அதை உணர்ந்தான். சாதாரணச் சேமிப்புக் கணக்குக்காரன் உணர்ந்தானா? கடன் வட்டி குதிரையில் ஏறிப் போயிற்று. சேமிப்பு வட்டி நொண்டிக்கொண்டு பின்னால் வந்தது.

புதிதாக வருகிறவர்களை இழுக்க "மூன்று மாதத்துக்குச் சிறப்பு வட்டி" என்று தூண்டில் போடுவார்கள். பல வருஷமாக நம்பிப் பணம் போட்டவருக்கு அந்தச் சிறப்பு கிடையாது. "புதுப் பணத்துக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். மூன்று மாதம் கழிந்ததும் புதியவரும் பழையவராகிவிடுவார். விசுவாசத்துக்கு இதுதான் சன்மானம்!

"பிடிக்காவிட்டால் வேறு பாங்குக்குப் போகலாமே, போட்டிதான் இருக்கிறதே" என்று முதலாளித்துவப் பொருளாதார நிபுணர்கள் சொல்வார்கள். இருக்கட்டும். கூடுதல் வட்டி கொடுத்துக் கனடியச் சேமிப்பாளர்களை ஈர்த்த ஒரு நிறுவனம் ஐஎன்ஜி டைரக்ட். 1997ல் அங்கே கடை திறந்தது. 2012ல் ஸ்கோஷியா பாங்கு அதை 310 கோடி டாலருக்கு விலை பேசி வாங்கிவிட்டது. 2024 மார்ச்சில் எச்எஸ்பிசி நிறுவனத்தின் கனடியக் கிளை முழுவதையும் ராயல் பாங்கு 1,350 கோடி டாலருக்கு விழுங்கியது. ஒரு கையால் போட்டிக்காரனை வாங்குவது, மறு கையால் வாடிக்கைக்காரனைக் கட்டணமும் பாரமும் கொண்டு கட்டிப் போடுவது! இதற்குப் போட்டி என்று பெயரா, ஏகபோகம் என்று பெயரா?

வேறு வழியே இல்லையா?

வரம்பு என்று ஒன்று இருந்தால் இப்படி விதி இருந்துதானே ஆக வேண்டும் என்று ஒரு வாதம் வரும். நேர்மையான கேள்விதான். பதில் சொல்வோம்.

யார் எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார் என்ற விவரத்தை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் வரி இலாகாவுக்குக் கொடுக்கின்றது. ஓரிடத்தில் எடுத்த 12,000 டாலர் சில நாட்களில் இன்னோரிடத்தில் 12,000 டாலராகவே வந்து சேர்ந்ததை இலாகாவால் காண முடியும். அதை மாற்றம் என்று ஏற்றுக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே, ஓய்வுகாலத்துக்கான தனிநபர் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தைக் கையில் எடுத்து, 60 நாட்களுக்குள் அத்தகைய இன்னொரு கணக்கில் போட்டால் தண்டமில்லை. ஆண்டுக்கு ஒரு தடவை இந்த வசதி உண்டு.

பிரிட்டனில் 1999 ஏப்ரலிலிருந்து இதே மாதிரி வரியில்லாச் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. அங்கேயும் பணத்தைக் கையில் எடுத்தால் சலுகை போய்விடலாம் என்ற பயம் உண்டு. பாரத்தின் வழியே மாற்றினால் பாங்குகள் வாரக்கணக்கில் இழுத்தடித்தன. 2010ல் கன்ஸ்யூமர் ஃபோகஸ் என்ற நுகர்வோர் அமைப்பு நியாய வர்த்தக அலுவலகத்திடம் முறையிட்டது. 23 வேலை நாட்கள் என்றிருந்த கெடு 15 வேலை நாட்களாகக் குறைந்தது. பதினைந்து நாளும் அதிகம்தான். இருந்தாலும் ஒன்று தெளிவாகிறது. கெடு வைத்துக் கேட்டால் பாங்குகளால் முடிகிறது. கேட்காத வரை முடியவில்லை.

கனடாவிலும் அசைவு தெரிகிறது. 2025 நவம்பரில் வைத்த பட்ஜெட்டில், இத்தகைய கணக்குகளை மாற்றுவதற்கான கட்டணத்தைத் தடை செய்யப் போவதாக அந்நாட்டு சர்க்கார் அறிவித்தது. கொள்ளை என்று உழைப்பாளிகள் சொல்லி வந்ததை சர்க்காரே ஒப்புக்கொண்டதற்கு இது சமம். வரவேற்போம். ஆனால் பட்ஜெட் அறிவிப்பு சட்டமாகி, சட்டம் பாங்கின் கவுண்டருக்கு வந்து சேரும் வரை கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு பெயரில் ஒழித்த கட்டணம் இன்னொரு பெயரில் முளைப்பதை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! கட்டணம் ஒழிந்தாலும் தாமதமும் 1 சதவிகிதப் பொறியும் தாமாக ஒழிந்துவிடா.

மூடப்பட்ட கதவுகள்

உழைப்பாளி ஏன் இப்படி பாங்கு பாங்காக ஓட வேண்டும்? இதைக் கேட்டால்தான் வேர் தெரியும்.

கனடாவில் 1868 முதல் தபாலாபீஸ் சேமிப்பு பாங்கு இருந்தது. ஒரு நூற்றாண்டு நடந்தது. 1960களின் கடைசியில் அதை மூடிவிட்டார்கள். 1946 முதல் கனடா சேமிப்புப் பத்திரங்கள் இருந்தன. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தொழிலாளிகள் வாங்குவார்கள். சர்க்காரே பொறுப்பு. 2017 நவம்பரோடு அந்த விற்பனையையும் நிறுத்தினார்கள். பொதுக் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. மிஞ்சியது தனியார் பாங்குகளின் கதவு. உள்ளே போக இலவசம், வெளியே வரக் கட்டணம்!

தபாலாபீசில் மறுபடியும் பாங்குச் சேவை வேண்டும் என்று கனடா தபால் தொழிலாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. தங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அவர்கள் கேட்கவில்லை. பாங்குக் கிளைகள் மூடப்பட்ட சிற்றூர்களுக்கும், பெரும் பாங்குகள் மதிக்காத சிறு சேமிப்பாளருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

இதன் அருமை நமக்குத் தெரியாததல்ல. நம் நாட்டில் பொதுச் சேமநிதிக் கணக்கு 1968லிருந்து இருக்கிறது. தபாலாபீசில் போட்டாலும், பாங்கில் போட்டாலும் ஒரே வட்டி. சர்க்கார் நிர்ணயிப்பது. வட்டிக்காக இங்கிருந்து அங்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் 2016 ஏப்ரலிலிருந்து சிறுசேமிப்பு வட்டியை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்றி நிர்ணயிக்கும் முறையைக் கொண்டு வந்திருக்கிறார்கள். கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. தபாலாபீஸ் சேமிப்பைக் கைகழுவினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா ஒரு பாடம்.

அங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கோரிக்கை நிறைவேறும் வரை சும்மா நஷ்டப்பட வேண்டியதில்லை. கனடாவில் உறவினர் இருக்கும் வாசகர்கள் இவற்றை அவர்களுக்கு எழுதுங்கள்.

உங்களுக்கு வரம்பு எவ்வளவு என்பதை நீங்களே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். "எல்லோருக்கும் லட்சம் டாலர்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் குடியேறிய ஆண்டிலிருந்துதான் உங்கள் கணக்கு. வரி இலாகாவின் இணையத்தில் தெரியும் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். பாங்குகள் முந்தைய ஆண்டு விவரத்தைப் பிப்ரவரி இறுதிக்குள்தான் கொடுக்கின்றன. நடப்பு ஆண்டில் போட்டதும் எடுத்ததும் அதில் இருக்காது.

ஆண்டு நடுவில் மாற்ற வேண்டுமானால் பாரத்தின் வழியே போங்கள். கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும்படி புது நிறுவனத்தைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. அவசரமில்லை என்றால் டிசம்பர் கடைசியில் பணத்தை எடுத்து ஜனவரியில் புது இடத்தில் போடுங்கள். பாரமும் இல்லை, கட்டணமும் இல்லை, அபராதமும் இல்லை. தெரியாமல் வரம்பை மீறியிருந்தால், மிகுதியை உடனே எடுத்துவிட்டு, தவறு நேர்ந்த விதத்தை விளக்கி அபராதத்தைத் தள்ளுபடி செய்யும்படி வரி இலாகாவுக்கு எழுதுங்கள். 2010ல் பேசாமல் இருந்தவர்களுக்காகவும் சேர்த்துக் கூச்சல் போட்டவர்களால்தான் தள்ளுபடி கிடைத்தது என்பதை மறக்காதீர்கள்.

அந்த 80 டாலர்

தோழரின் மகள் அப்படித்தான் செய்தார். செப்டம்பரில் மாற்ற வேண்டிய பணத்தை டிசம்பர் கடைசி வரை அரைச் சதவிகிதத்திலேயே விட்டு வைத்தார். ஆண்டின் கடைசி வாரத்தில், இரவுப் பணி முடிந்த கையோடு, உறக்கம் கெட்ட கண்களோடு பாங்குக்குப் போய் எடுத்தார். 2026 ஜனவரியில் புது இடத்தில் போட்டார். அபராதமில்லை, கட்டணமுமில்லை. ஆனால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நாலு மாதம், மாதம் 20 வீதம் 80 டாலர் அவருக்கு வராமல் போயிற்று. அந்த 80 டாலர் எங்கே போயிற்று? பழைய பாங்கின் லாபக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. சட்டம் அவரைக் காலைப் பிடித்து நிறுத்தி வைக்க, பாங்கு அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டது.

ஒரு பெண்ணின் 80 டாலர் சிறு தொகைதான். இப்படி பாரத்துக்கு அஞ்சியும், கட்டணத்துக்கு அஞ்சியும், தண்டத்துக்கு அஞ்சியும் அசையாமல் இருக்கும் அத்தனை பேரின் 80 டாலரையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பெரும் பாங்குகளின் மாடிக் கட்டிடங்கள் எந்தச் செங்கலால் எழுந்தன என்பது புரியும்.

நாம் கேட்பது சலுகை அல்ல. கணக்கை மாற்றக் கட்டணம் கூடாது. மாற்றிக் கொடுப்பதற்கு நாள் கெடு வேண்டும். கெடு தவறினால் அந்த நாட்களின் வட்டியைத் தவறிய பாங்கே கொடுக்க வேண்டும். எடுத்த பணத்தைக் குறித்த நாட்களுக்குள் அப்படியே திரும்பப் போட்டால் தண்டம் கூடாது. தபாலாபீசின் கதவு மறுபடியும் திறக்க வேண்டும். இவ்வளவுதான்.

பணத்தைச் சம்பாதிக்க அந்தப் பெண் யாரிடமும் சலுகை கேட்கவில்லை, இடுப்பொடிய உழைத்தார். அதை ஒரு பாங்கிலிருந்து இன்னொரு பாங்குக்கு எடுத்துப் போக மட்டும் ஏன் அவர் தண்டம் கட்ட வேண்டும்? அந்தத் தோழர் கேட்ட கேள்வி இதுதான். டொரண்டோவில் இருந்தாலும் தூத்துக்குடியில் இருந்தாலும், உழைத்துச் சேர்த்த ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.